பழைய சாமானும் பக்கத்தில் நிற்கும் மூன்றாம் ஆளும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மீஞ்சூரிலிருந்து போன் செய்தான். "டீச்சர், விளம்பரம் பாத்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ் பேசி வச்சிருக்கேன். ஆளு யாருன்னு தெரியாது. ரெண்டாயிரம் அட்வான்ஸ் போடச் சொல்றாரு, போடலாமா?" என்றான். "போடாதப்பா. நேர்ல போய்ப் பாரு, ஓடுதான்னு பாரு, அப்புறம் குடு. தனியா போகாத" என்றேன். "உங்களுக்கு எப்படி டீச்சர் இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டான். பேப்பரில் படித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அது பொய். எப்படித் தெரியும் என்பதை இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன். ஆனால் டீச்சர் இல்லையா, நேராக விஷயத்துக்கு வர மாட்டேன். வரலாற்றில் ஒரு சுற்று சுற்றித்தான் வருவேன்.

முன்பின் தெரியாதவரிடம் பழைய பொருள் வாங்குவது போன் வந்த பிறகு முளைத்த பிரச்சினை என்று நினைக்கிறோம். அர்த்தசாஸ்திரத்திலேயே இது இருக்கிறது. அந்த நூலின் ஓலைச்சுவடியைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர்தான் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்தார். 1905-இல் ஷாம சாஸ்திரி அதைக் கண்டெடுத்து, 1909-இல் அச்சிட்டார். அதில் வியாபாரிகளிடமிருந்து மக்களைக் காப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பழைய சாமானை விற்கவோ அடகு வைக்கவோ ஒருவன் வந்தால், அது தன்னுடையதுதான் என்று அவன் நிரூபித்த பிறகே சந்தை அதிகாரி அனுமதிக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. புதுப் பொருளுக்கு இந்தக் கேள்வி இல்லை. பழைய பொருளுக்குத்தான். புதுப் பொருளைச் செய்தவன் விற்கிறான். பழைய பொருளை, வைத்திருப்பவன் விற்கிறான். வைத்திருப்பவன் எல்லாம் உடையவன் ஆகிவிடுவானா? அந்தச் சந்தேகத்தை ஒரு அரசு அவ்வளவு காலத்துக்கு முன்பே சட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தோணிரேவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்குமே, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனால் பாதிப் பேர் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வீர்கள். அந்த டச்சுக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் நம் பழவேற்காடுதான். அவர்களுக்கு வேண்டியது நம் துணி. கிழக்கே ஜாவா, மொலுக்கா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, அங்குள்ளவர்கள் விரும்பியது நம் பக்கத்துத் துணியைத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஹாலந்திலிருந்து வந்தவனுக்கு நம் பாஷை தெரியாது, ஆளும் தெரியாது. உள்ளூர் நெசவாளிக்கு அவனைத் தெரியாது. இதைவிட முன்பின் தெரியாத வியாபாரம் உலகத்தில் உண்டா? இரண்டு பக்கமும் ஏமாற எல்லா வழியும் இருந்தது. அதனால் நடுவில் ஆள் வைத்தார்கள். துபாஷி என்றும் தரகர் என்றும் பெயர். அச்யுதப்ப செட்டி, சின்னண்ண செட்டி என்ற சகோதரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படி நடுவில் நின்ற பெரிய வியாபாரிகள். கம்பெனி முன்பணத்தை இவர்களைப் போன்றவர்களிடம் கொடுக்கும். துணி வராவிட்டால் இவர்கள் பதில் சொல்ல வேண்டும். துணி வந்தவுடன் முன்பே ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நீளம், நெருக்கம், சாயம் ஒத்துப் போகாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். காசைக்கூட நம்பவில்லை. சராப்பு உட்கார்ந்து வராகனை உரைத்துப் பார்ப்பார். மாதிரி, ஜாமீன், உரைகல், கணக்குப் புத்தகம். நம்பிக்கை என்ற சொல்லுக்கு அந்த வியாபாரத்தில் பெரிய வேலை இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் வரலாறு சொல்லிக் கொடுத்ததற்கு அர்த்தம் இல்லை. இதே துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட நம் பக்கத்து ஜனங்கள். அதற்கும் சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்தார்கள். சீட்டும் சாட்சியும் இருந்துவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடாது. சீட்டு எழுதும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஆமாம், நானும் சீட்டு எழுதியிருக்கிறேன். உங்களில் பலருடைய அப்பாக்களுக்கு எழுதியிருக்கிறேன். பழைய தோணியோ எஞ்சினோ வலையோ கைமாறினால் சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். "டீச்சரம்மா கையெழுத்து நல்லா இருக்கும்" என்று ஒரு சாக்கு. நான் கேட்டுக் கேட்டு எழுதுவேன். எத்தனை முழம், எஞ்சின் நம்பர் என்ன, ஓட்டை அடைத்தது எங்கே, அச்சாரம் எவ்வளவு, மீதி எந்த நாள். விற்பவர், வாங்குபவர், கூட இரண்டு பெரியவர்கள் கைநாட்டோ கையெழுத்தோ போடுவார்கள். எனக்குக் கூலி மறுநாள் காலை ஒரு கூடை நண்டு. (சாட்சிக்குப் பெண்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழுதுவது மட்டும் நான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்பேன்.)

2004 சுனாமிக்குப் பிறகு இந்தத் திண்ணை வேலை அதிகமானது. நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. தேவைப்பட்டவருக்கும் வந்தது, ஏரியை விட்டு வேறு வேலைக்குப் போக இருந்தவருக்கும் வந்தது. அதனால் விற்பனையும் நடந்தது. பார்த்தே இராத ஊர்களிலிருந்து ஆள் வந்து விலை பேசினார்கள். அப்போது ஒருமுறை ஒருவர் எஞ்சின் விற்க வந்தார், நல்ல விலைக்கு, அதாவது ரொம்பக் குறைந்த விலைக்கு. நம்பர் தகட்டைப் படிக்கச் சொன்னேன். அரம் வைத்து ராவியிருந்தது. சாட்சிக்கு வந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வியாபாரம் அத்தோடு முடிந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுப் பதிவில் கெடுபிடி வந்து, இன்று பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கிறது. பழைய படகு வாங்குகிறவர்கள் அந்த எண்ணையும் பதிவுச் சான்றையும் ஒத்துப் பார்த்து, மீன்வளத் துறையில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறீர்கள். உங்களுக்கே தெரியும் யார் யார் என்று.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சந்தையும் சொந்தம். நாம் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறிச் சென்னையில் இறங்குகிற இடத்துக்கு இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் பெயர். இளைய பிள்ளைகள் அந்தப் பெயரை ரயிலில் பார்த்திருப்பீர்கள், மார்க்கெட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 1898-இல் அடிக்கல் நாட்டி, 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரை வைத்தார்கள். பழைய புத்தகம், கிராமபோன், கடிகாரம், நாற்காலி, கிளிக்கூண்டு என்று கிடைக்காதது இல்லை. அந்தப் பட்டணத்திலேயே அதற்கும் முன்பு குஜிலிக் கடை என்று ஒன்று இருந்தது. விளக்கு வைத்த பிறகு கூடும் சாயங்காலச் சந்தை. அங்கே திருட்டுப் பொருள் வந்து சேரும் என்று பெயர். ஏன் சாயங்காலம்? அரை வெளிச்சத்தில் பொருளும் சரியாகத் தெரியாது, விற்கிறவன் முகமும் தெரியாது.

1980-இல் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அப்பாவோடு மூர் மார்க்கெட் போய்க் கல்வி உளவியல் புத்தகம் வாங்கினேன். உள்ளே வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. இரண்டு வருடமும் அந்தப் பெயரோடுதான் படித்தேன். அப்பா ஒரு டைம்பீஸ் வாங்கினார். அது பொன்னேரி வரைக்கும் ஓடியது! அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, நா என்ன ஊர வுட்டா ஓடிப்போய்ட்டேன்?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே எதையோ மாற்றிக் கொடுத்தார். அங்கே ஏமாந்தவர்கள் இல்லாமல் இல்லை. மழையில் நனைந்ததும் அட்டையாகப் பிரிந்த செருப்புக் கதை எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, கடை நாளைக்கும் அங்கே இருக்கும் என்பது, அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே ரசீது. 1985 மே 30 அன்று தீ விபத்தில் அந்த மார்க்கெட் அழிந்துபோனது.

வெளிச்சம் பற்றிச் சொன்னேன் இல்லையா, இங்கிலாந்தில் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். திறந்த சந்தையில், சூரியன் உதித்ததிலிருந்து அஸ்தமிக்கும் வரை, நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கினால், அது திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவருக்குச் சொந்தம். எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தபோது பறிகொடுத்தவன் வந்து கேட்கவில்லையே என்பது கணக்கு. லண்டனில் பெர்மாண்ட்சி சந்தை இதற்குப் பேர்போனது. திருடர்களுக்கு வசதியாகப் போகிறது என்று 1994-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நம் நாட்டில் அந்தச் சலுகை இல்லை. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் 27-ஆம் பிரிவைப் பொதுவாக இப்படிச் சொல்லலாம்: விற்றவனுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் உனக்கும். திருட்டு போனை 8,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் போனும் போகும், பணமும் போகும். அது மட்டும் இல்லை, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. "சல்லிசா கெடச்சுது டீச்சர்" என்று போனைக் காட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அந்த ராவிய நம்பர் தகடுதான் கண்ணில் வரும். பழைய போன் வாங்கும்போது *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். மெசேஜில் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டு, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422-க்கு அனுப்பினால் அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா என்று பதில் வரும். கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள். அவர் முகம் மாறினால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது என் கதை.

அம்மாவின் தையல் மெஷின் உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிச் சீருடையில் பட்டன் போனால் அதில்தான் தைத்துக் கொடுப்பேன். மூட்டு வலி வந்த பிறகு மிதிக்க முடியவில்லை. சும்மா துரு ஏறுகிறதே என்று மூன்று வருடத்துக்கு முன்பு விற்கலாம் என்று போனில் விளம்பரம் போட்டேன். 4,500 ரூபாய். பத்து நிமிடத்தில் அழைப்பு. ஆவடியில் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். அடையாள அட்டைப் படம் அனுப்பினார். பேரம் பேசவே இல்லை! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம் ஊரில் பழைய சாமானைப் பேரம் பேசாமல் வாங்குகிறவர் உண்டா?

"அம்மா, பணத்த இப்பவே போட்டுடறேன், வண்டி அனுப்பி எடுத்துக்கறேன். நீங்க ஒரு கோடு ஸ்கேன் பண்ணா போதும்" என்றார். என் மகள் சாயங்காலம் வந்ததும் செய்கிறேன் என்றேன். "எதுக்கும்மா அவங்கள தொந்தரவு பண்ணிக்கிட்டு, நானே சொல்லித் தர்றேன்" என்றார். அம்மா, அம்மா என்று அவ்வளவு மரியாதை. முதலில் 5 ரூபாய்க்கு ஒரு கோடு. செய்தேன், 10 ரூபாய் திரும்ப வந்தது. அடுத்தது 4,500-க்கு. ரகசிய எண்ணையும் போட்டேன். பணம் என் கணக்கிலிருந்து போனது. "ஐயோ, தப்பா போயிடுச்சும்மா, இத ஸ்கேன் பண்ணா ரெண்டும் சேந்து திரும்பி வந்துரும்" என்று இன்னொரு கோடு. 9,000 போனது. பிறகு போன் அணைந்துவிட்டது.

34 வருடம் வரவுப் பக்கம் செலவுப் பக்கம் என்று கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எதற்கு என்ற ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. வாங்குவதற்கு அது தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டும்தான். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட. சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா மகன் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டான். அவன்தான் 1930-க்கு போன் செய்தான். (விற்பனைச் சட்டத்தின் வருடமும் இந்த உதவி எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல், ஆனால் மறக்காது.) உடனே சொல்லியிருந்தால் பணம் போன வங்கிக் கணக்கை அங்கேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். இரண்டு நாளில் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. என் வெட்கத்தின் விலை 13,500 ரூபாய்.

பிறகு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் புரிந்தது. அவன் என்னிடமிருந்து முதலில் எடுத்தது பணத்தை அல்ல. திண்ணையை எடுத்தான், ஏனென்றால் அவன் எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. மகள் வரட்டும் என்றேன், அந்தச் சாட்சியை எடுத்தான். சீட்டுக்குப் பதில் ஒரு அட்டைப் படம் கொடுத்தான். அவன் ஊரை விட்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை. டச்சுக்காரன் 400 வருடத்துக்கு முன்பு நம் கரையில் மாதிரித் துண்டு இல்லாமல் ஒரு கஜம் துணி வாங்கவில்லை. நான் முகம்கூடத் தெரியாதவனுக்காக ரகசிய எண்ணைப் போட்டேன்.

முன்பின் தெரியாதவர் எல்லாம் திருடர் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்திருந்தால் நம் ஊரில் துறைமுகமே இருந்திருக்காது.

இன்னொன்று, விற்பவர்களுக்கு. நம் மாணவன் ஒருவன் பைக்கை விற்றான். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு வருடம் கழித்து விபத்து வழக்கில் அவன் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. "நா வித்துட்டேனே டீச்சர்" என்று அழுதான். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்ப்பாகச் சொன்னது. 2007-இல் விற்ற கார், கை மாறிக் கை மாறிப் போய், 2009-இல் விபத்து. ஆனாலும் ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு. படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துவிடுங்கள். பெயர் மாறியதைப் போனில் பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். வீட்டு விலாசம் கொடுக்காதீர்கள். "வீட்டுக்கே வந்து பாக்கறோம்" என்றால், கட்டில், பீரோ மாதிரி தூக்க முடியாத சாமானுக்கு மட்டும், அதுவும் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது. மற்றதெல்லாம் பகலில், கடைவீதியில், வங்கி வாசலில் கேமரா இருக்கிற இடத்தில். அமெரிக்காவில் பல ஊர்களில் போலீஸ் நிலைய வாசலிலேயே இதற்கென்று இடம் குறித்து வைத்திருக்கிறார்களாம். அங்கே இருக்கிற நம் பழைய மாணவி ஒருத்தி படம் எடுத்து அனுப்பினாள். தரையில் கோடு போட்டு, மேலே கேமரா. எனக்கு நம் திண்ணையே கண்ணில் வந்தது, கல் பலகை மட்டும்தான் இல்லை.

அந்தத் தையல் மெஷின் இன்னும் ஜன்னல் ஓரம்தான் இருக்கிறது. அதை எடுக்க வண்டி வரவே இல்லை. இப்போது ஆண்டார்மடத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள். 3,000-க்கு மேல் தர முடியாது என்று அரை மணி நேரம் பேரம் பேசினாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பழவேற்காடு கடைவீதி டீக்கடை வாசலில் மெஷினை இறக்கி வைக்கப்போகிறோம். அவளையே மிதித்து இரண்டு வரி தைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். துண்டுத் துணி நான் கொண்டு வருகிறேன். சீட்டும் நானே எழுதுவேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருத்தராவது பெண்ணாக இருக்கட்டும். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். டீ என் செலவு.